குடும்ப டிக்கெட்

பெருநகரம் ஒன்றைக் குழந்தைகளோடு சுற்றிப் பார்ப்பதைவிட, அந்த நகரத்தையே தலையில் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம் என்று மூன்றாம் நாள் பிற்பகலில் எனக்குத் தோன்றியது. காலையில் நகரத்திலேயே உயரமான கட்டடத்தின் உச்சிக்குப் போனோம். வரிசையில் இரண்டு மணி நேரம், உச்சியில் ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தில் பையனுக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்துவிட்டது. அப்புறம் விலங்குக் காட்சிச் சாலை. சிங்கம் எங்களுக்கு முதுகைக் காட்டித் தூங்கியது. அதையும் படம் எடுத்தோம், வந்ததற்கு அடையாளம் வேண்டாமா. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றபோது என் மனைவி கையேட்டைப் புரட்டினாள்.

"பக்கத்துத் தெருவுல பழைய மீன் காட்சியகம் ஒன்னு இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல ஆனதாம். தரைக்கு அடியில கட்டியிருக்காங்க."

"மீனை நம்ம ஊர்ச் சந்தையிலேயே பார்க்கலாமே."

"அங்க அது உயிரோட இருக்காதுங்க. நடங்க."

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு எட்டு வயது. எதைச் சொன்னாலும் எதிர்வாதம் செய்வாள், அதனால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். மகனுக்கு நான்கு. நடக்கத் தெரியும், ஆனால் நடக்க மாட்டான். 'தூக்கு' என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு உலகத்தையே ஏறிக் கடந்துகொண்டிருந்தான். யார் தோளிலாவது கிடப்பதால் அவன் பொட்டலம். நான் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் மொத்தமாக விற்பவன். அப்பா, பெரியப்பா, தாய்மாமன் எல்லோருமே கடைக்காரர்கள். எங்கள் வீட்டுக் குழந்தை 'அம்மா'வுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்ளும் வார்த்தை 'குறைச்சுக்கோங்க'.

அதுதான் வினையாயிற்று.

காட்சியகத்தின் வாசல் ஒரு சாதாரண வீட்டு வாசல் அளவுதான் இருந்தது. உள்ளே அரைவட்டக் கண்ணாடிச் சன்னல். அதற்குப் பின்னால் ஒரு அம்மாள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். வரிசை கிடையாது. சுவரில் கட்டணப் பலகை. படித்தேன். மறுபடி படித்தேன். பெரியவர்கள் இரண்டு பேர், குழந்தைகள் மூன்று பேர் சேர்ந்தால் குடும்ப டிக்கெட். நாங்கள் நான்கு பேரும் தனித்தனியாக வாங்குவதைவிட ஐந்து பேருக்கான அந்த டிக்கெட் மலிவாக இருந்தது. இப்படி ஒரு ஓட்டை கண்ணில் பட்டால் அதைத் தாண்டிப் போகும் கால் எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை.

"ஒரு குடும்ப டிக்கெட் குடுங்க."

அந்த அம்மாள் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். "அது மூணு குழந்தைங்க இருக்கறவங்களுக்கு."

"இருக்காங்களே."

"ரெண்டுதான் தெரியுது."

மனைவி முழங்கையால் இடித்தாள். "நாலாவே வாங்குங்க. மானம் போகுது."

"மூணாவது பின்னாடி வருது" என்றேன்.

"வயசு?"

"அஞ்சு." எட்டுக்கும் நாலுக்கும் நடுவில் நியாயமாக ஒரு வயது.

"பையனா, பொண்ணா?"

"பையன். கொஞ்சம் மெதுவாத்தான் வருவான். கூச்ச சுபாவம். அக்கா கையைப் பிடிச்சாத்தான் நடப்பான்."

கேட்காததையும் சொல்கிறேனே என்று எனக்கே தெரிந்தது. ஆனால் கிடங்குக்கு வராத சரக்கை விற்றுப் பழகியவனுக்கு வர்ணனை தானாக வரும். நிறம், நீளம், கரை என்று அடுக்கிக்கொண்டே போனால்தான் எதிரில் இருப்பவர் நம்புவார்.

அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து, என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார். நான் திரும்பவில்லை. பொய் சொன்னவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் பேரம் முறிந்துவிடும். அவர் வெகுநேரம் பார்த்தார். பாதி உரித்த தோல் பழத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா, வருது. பாவம், நல்லா நனைஞ்சுட்டு வருது" என்றார்.

ஐந்து டிக்கெட் கிழித்துத் தள்ளினார். நான் கண்ணடித்தேன். இரு தரப்புக்கும் உண்மை தெரிந்து, இரு தரப்பும் வாய்மூடி முடிக்கும் வியாபாரம்தான் எங்கள் தொழிலிலேயே இனிப்பானது. அவர் பதிலுக்குக் கண்ணடிக்கவில்லை.

"சேர்ந்து போறவங்க சேர்ந்துதான் வெளிய வரணும். கீழ ஒருத்தர் எண்ணுவார். அஞ்சு மணிக்கு மூடிடுவோம்."

படிகள் வளைந்து வளைந்து கீழே இறங்கின. ஒவ்வொரு வளைவிலும் தெருவின் இரைச்சல் கொஞ்சம் கழன்றது. கடைசி வளைவுக்கு அப்புறம் கேட்டதெல்லாம் தண்ணீரின் சத்தம்தான். ஏதோ பெரிய பிராணி வாயை மூடிக்கொண்டு மூச்சு விடுவது போல ஒரு குமிழிச் சத்தம். பாசி வாடை. அதற்கு அடியில், நாள்பட்ட ஈரத் துணியின் வாடை. எனக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும். ஒரு மழைக்காலத்தில் என் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்து நாற்பது கட்டு விரிப்பு அழுகிப்போனது. அப்போது வந்த அதே வாடை.

படிகள் முடியும் இடத்தில் சுழலும் இரும்புத் தடுப்புகள் இரண்டு இருந்தன. ஒன்று உள்ளே போக, மற்றது வெளியே வர. நடுவில் உயரமான நாற்காலியில் ஒல்லியாக ஒருவர். அவர் கையில், கட்டைவிரலால் அழுத்தினால் எண் கூடும் சின்ன உலோகக் கருவி. அவர் எங்கள் முகத்தையே பார்க்கவில்லை. இடுப்புக்குக் கீழேதான் பார்த்தார்.

மனைவி போனாள். டிக். வக்கீல். டிக். பொட்டலத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நான். டிக், டிக்.

தடுப்பு நிற்கவில்லை. இன்னொரு முறை, மெதுவாக, ஏதோ கனத்தைத் தள்ளிக்கொண்டு சுழன்றது.

டிக்.

"பார்த்து. வழுக்கும்" என்றார் அவர், என் இடுப்பு உயரத்தில் பார்த்து.

"யாரைச் சொல்றாரு?" என்றாள் மனைவி.

"நம்மளைத்தான். வேற யாரு இருக்கா?"

உள்ளே வேறு யாரும் இல்லை. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூன்று நாளில் முதல் முறையாக ஒரு இடம் முழுக்க எங்களுக்கே. நீண்டு வளையும் இருட்டு நடைபாதை, இரண்டு பக்கமும் சுவருக்குள் பதித்த தொட்டிகள். வெளிச்சம் எல்லாம் தண்ணீருக்குள்தான். அது பச்சையாக வழிந்து எங்கள் முகத்தில் பட்டபோது நாங்களே யாரோ போல இருந்தோம்.

முதல் தொட்டியில் வெள்ளி நிறத்தில் சின்ன மீன்கள், நூறு இருக்கும். பொட்டலம் கண்ணாடியில் விரலை வைத்ததும் கூட்டமாக வந்து அந்த விரலை மொய்த்தன. அவன் சிரித்தான். வக்கீலும் தன் பங்குக்குக் கையை வைத்தாள்.

மீன்கள் ஒரே நொடியில் பின்வாங்கின. தொட்டியின் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு, எங்களுக்கு வாலைக் காட்டி, அசையாமல் நின்றன.

"உன் கையில அழுக்கு" என்றேன்.

"என் கை சுத்தமாத்தான் இருக்கு. என்னைப் பார்த்து ஓடல அதுங்க" என்றாள் வக்கீல்.

இரண்டாவது தொட்டியிலும் அப்படியே. மூன்றாவதில், பாறை போலக் கிடந்த ஆமை வக்கீல் பக்கத்தில் வந்ததும் கால்களையும் தலையையும் இழுத்துக்கொண்டது. நான்காவதில் விலாங்கு. என் தொடை பருமன் இருக்கும். அது எதற்கும் அசையாத சாதி. அதுவே உடம்பைச் சுருட்டித் தன் தலையைத் தன் உடம்புக்கு அடியில் ஒளித்துக்கொண்டதைப் பார்த்தபோது, மனைவி என் சட்டையைப் பிடித்தாள்.

"குளிருது. சீக்கிரம் பார்த்துட்டுப் போயிடலாம்."

பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தாள். பசி வந்தால் குழந்தைகள் ஆட்டம் போடுவார்கள் என்ற பயம் அவளுக்கு. வக்கீலுக்கு ஒன்று, பொட்டலத்துக்கு ஒன்று, கீழே நீட்டி இன்னொன்று. நீட்டிய கையைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, நான் ஏன் மூணு எடுத்தேன்?"

"எனக்கா இருக்கும். குடு."

அவள் கையில் பிஸ்கட் இல்லை.

வக்கீல் தன் பிஸ்கட்டை இன்னும் கடிக்கவில்லை. பொட்டலம் தன்னுடையதை என் காலரில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

எங்களுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், யாரோ பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தார்கள்.

மெதுவாக. ஈரமாக.

"எலி" என்றேன். அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த மலிவான விளக்கம் அதுதான். மனைவி நடையை வேகப்படுத்தினாள்.

அடுத்த வளைவில் வக்கீல் அழத் தொடங்கினாள். அவள் அழுவது அபூர்வம். வாதாடித் தோற்றால்கூட அழ மாட்டாள், மேல்முறையீட்டுக்குத்தான் போவாள்.

"அப்பா, அவன் கிள்ளறான்."

"பொட்டலம் என் தோள்ல இருக்காம்மா."

"அவன் இல்ல. நீங்க சொன்னீங்களே, அவன். அஞ்சு வயசு."

அவள் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே வரிசையாக ஆறு இடத்தில் சின்னச் சின்னப் பிறைகள், நகம் ஆழமாகப் பதிந்த மாதிரி. ஒவ்வொன்றிலும் தண்ணீர் நின்றது.

"அக்கா கையைப் பிடிச்சாத்தான் நடப்பான்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் பிடிச்சுக்கிட்டு வரான்."

மனைவி மண்டியிட்டு அவள் காதோடு கேட்டாள். "வேற என்ன சொல்றான்?"

வக்கீல் தன் பக்கத்தில் ஒரு முறை பார்த்தாள். அங்கே எதுவும் இல்லை.

"அவனுக்கு நம்மள யாரையும் பிடிக்கல. நாம சிரிக்கறது பிடிக்கல." பிறகு, குரலை இன்னும் இறக்கி, "அம்மாவுக்கு ரெண்டு கைதானே இருக்கு. இங்க ஒருத்தர் அதிகம்னு சொல்றான்."

நான் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரின் மேல் எங்கள் பிம்பம் விழுந்திருந்தது. நான், தோளில் பையன், மண்டியிட்ட மனைவி, நிற்கும் மகள். மகளுக்குப் பக்கத்தில், அவள் தோள் உயரத்துக்கு, ஒன்று.

மற்ற நான்கு முகமும் ஆளுக்கொரு பக்கம் பார்த்திருந்தன. அது பொட்டலத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கோ மணி அடித்தது. ஐந்து. நாங்கள் வந்த வழியில் தொட்டி விளக்குகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. இருட்டு எங்கள் பின்னால் தொட்டி தொட்டியாக நடந்து வந்தது.

"பையை நீங்க எடுங்க. குழந்தைங்களை நான் பார்த்துக்கறேன்" என்றாள் மனைவி. பையோடு நனைந்த குடை, மேல்சட்டைகள், வாங்கிய பொம்மைகள் என்று எல்லாவற்றையும் என் மேல் போட்டாள். பொட்டலத்தைக் கீழே இறக்கினேன். அவள் இடது கையில் வக்கீலையும் வலது கையில் பொட்டலத்தையும் பிடித்துக்கொண்டு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பொட்டலம் நடந்தான். சிணுங்காமல், காலை உதைக்காமல், அம்மா இழுத்த வேகத்துக்கு நடந்தான்.

அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பாதை ஒரு வட்டக் கூடத்துக்கு வந்தது. நடுவில் மாடி உயரத் தொட்டி. அதற்குள் மீனே தெரியவில்லை, கலங்கிய தண்ணீர் மட்டும். கூடத்தைப் பாதி கடந்திருப்போம்.

"இவன் கை ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு?" என்றாள் மனைவி, நிற்காமல்.

பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அப்பா, தூக்கு."

நான் திரும்பினேன். பெரிய தொட்டியின் காலடியில், கசியும் குழாய்க்குக் கீழே, தலை முதல் கால் வரை நனைந்து, பொட்டலம் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தான்.

மனைவி அசையாமல் நின்றுவிட்டாள். அவள் வலது கை இன்னும் ஒரு சின்னக் கையைப் பிடித்திருந்தது.

"கீழ பார்க்காதே" என்றேன்.

அவள் பார்க்கவில்லை.

"விட்டுடு அதை."

"விட்டுட்டேங்க" என்றாள் மெல்ல. "நான் எப்பவோ விரலை விரிச்சுட்டேன். அது விட மாட்டேங்குது."

பை, குடை, பொம்மை எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தொட்டிக்கடியில் நின்றவனைத் தூக்கினேன். ஐஸ் கட்டியாக இருந்தான். கழுத்தைக் கட்டிக்கொண்டான். அப்போதுதான், மனைவியின் வலது பக்கத்திலிருந்து, அதே மூக்கடைத்த குரல், அதே கெஞ்சல்.

"அப்பா, தூக்கு."

விளக்குகள் எங்களைத் தாண்டி அணைந்துகொண்டே போயின. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது, சுழல் தடுப்புக்கு மேலே ஒரு மஞ்சள் விளக்கு. அதை நோக்கி நடந்தோம். நான்கு பேரின் காலடிச் சத்தத்தைவிட அதிகமாகக் கேட்டது.

எண்ணுகிறவர் அதே நாற்காலியில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். தடுப்பைக் காலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"கடைசி நீங்கதான். எத்தனை பேர்?"

"ஐயா, நாங்க நாலு பேர்தான்" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாகப் பேரம் பேசாமல் உண்மையைச் சொன்னேன். "மேல பொய் சொல்லிட்டேன். எங்களுக்கு ரெண்டே குழந்தைதான். தயவுசெஞ்சு விட்டுடுங்க."

அவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். அதில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"அப்படியா. எந்த ரெண்டு?"

மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்தேன். மனைவியின் இடது கையில் வக்கீல். என் தோளில் பொட்டலம். அவள் வலது கையில் பொட்டலம். சொட்டச் சொட்ட நனைந்த அதே கோடு போட்ட சட்டை. தாடையில் நேற்று விழுந்து வாங்கிய அதே சிராய்ப்பு. அதே மூக்கு ஒழுகல். துணியைத் தொட்டே நூலின் தரம் சொல்லுகிறவன் நான். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு இழை வித்தியாசம் இல்லை.

"பொட்டலம்" என்றேன்.

"தூக்கு" என்றன இரண்டும்.

"சீக்கிரம் சொல்லுங்க" என்றார் எண்ணுகிறவர். "ஒன்னு இங்க தங்கிடும். அதனால ஒன்னும் இல்ல, உள்ள இடம் இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தான் ஒரு குடும்பம். ரெண்டே நிமிஷத்துல முடிவு பண்ணிட்டாங்க."

"சரியானதைத்தான் கூட்டிட்டுப் போனாங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"அது எனக்கெப்படித் தெரியும்? நான் எண்ணறவன்."

வக்கீலிடம் குனிந்தேன். முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தவள் அவள் ஒருத்திதான். "கண்ணு, நம்ம தம்பி எது? காட்டு போதும், பேச வேண்டாம்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"சொன்னா எனக்கு பதிலா உன்னை இங்க தங்க வெச்சுடுவேன்னு சொல்றான்" என்றாள், காற்று மட்டும் வரும் குரலில்.

என் தோளில் இருந்தது கழுத்தை இன்னும் இறுக்கியது. கீழே நின்றது அண்ணாந்து என்னைப் பார்த்தது. இரண்டில் ஒன்று என் பிள்ளை. ஒன்றை இங்கே விட்டுவிட்டுப் போனால், மீதி ஆயுள் முழுக்க நான் கூட்டிவந்ததைப் பார்க்கும்போதெல்லாம் விட்டு வந்ததன் குரல் கேட்கும்.

என் தொழிலில் ஒரு நிலைமை வரும். நல்ல துணியும் பூச்சி அரித்த துணியும் ஒரே கட்டாக வந்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது, பிரித்துப் பார்க்க விற்பவன் விடமாட்டான். அப்போது செய்வதற்கு ஒன்றுதான் உண்டு.

"அஞ்சு பேர்" என்றேன்.

"குழந்தைங்க?"

"மூணு."

"உங்களுதா?"

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுத மாட்டேன்.

"எங்களுதுதான். மூணும்."

"அப்படி வாங்க வழிக்கு" என்று அவர் காலை எடுத்தார்.

டிக், டிக், டிக், டிக்.

டிக்.

படிகளில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது வளைவில் என் மார்பின் மேல் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. பொட்டலம் பயத்தில் என் சட்டை மேலேயே ஒன்றுக்குப் போய்விட்டான். சூடாக இருந்தது. ஒரு குழந்தை சட்டையை நனைத்ததற்காகக் கண்ணீரோடு கடவுளுக்கு நன்றி சொன்ன ஒரே தகப்பன் நானாகத்தான் இருப்பேன்.

வெளியே மழை விட்டிருந்தது. மாலை வெயில் ஈரத் தெருவில் பளபளத்தது. டிக்கெட் சன்னலுக்குப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். பேருந்துகள், பலூன் விற்பவன், குடையை மடக்கும் மனிதர்கள். பகல் வெளிச்சத்தில் எண்ணினேன். மனைவி, வக்கீல், என் தோளில் பொட்டலம், நான்.

நான்கு.

மனைவியின் வலது பக்கம் வெறும் நடைபாதை. அவள் கீழே பார்த்தாள், நிமிர்ந்தாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. மிச்சம் இருந்த இரண்டு நாள் சுற்றுலாவையும் ரத்து செய்துவிட்டு அன்றைக்கே ஊருக்கு வண்டி ஏறினோம். கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதிலிருந்தே என் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

ஏழு மாதம் ஆகிறது. வக்கீல் மறுபடி வாதாடுகிறாள். மணிக்கட்டில் இருந்த பிறைகள் மறைந்துவிட்டன. பொட்டலம் பள்ளிக்கூடம் போகிறான், வாசல் வரைக்கும் தோளில்தான்.

மனைவிதான் மாறிவிட்டாள்.

முதலில் நான் கவனிக்கவில்லை. சாலையைக் கடக்கும்போது, "ரெண்டு பேரையும் நீங்களே பிடிச்சுக்கோங்க" என்பாள். சந்தைப் பையை இடது கையில்தான் தூக்குவாள். காய் நறுக்குவதையும் சீப்பால் தலை வாருவதையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கை உடம்பை விட்டுச் சற்று விலகி, விரல்கள் மடங்கி, சும்மா நிற்கும். நரம்பு மருத்துவர் இரண்டு தடவை பார்த்தார். கையில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

போன வாரம், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும்போது, பொறுக்காமல் அவளிடம் சொன்னேன்.

"அங்க ஒன்னும் இல்லம்மா. கையைத்தான் கொஞ்சம் நீட்டி உதறிப் பாரேன்."

அவள் நடந்துகொண்டே பதில் சொன்னாள். உரக்கச் சொன்னால் பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடும் என்பது போல.

"நான் விட்டா அது நம்ம பொட்டலத்தைப் பிடிச்சுக்கும்ங்க."

சாலையின் மறுபக்கம் வரைக்கும் அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். விரல்களுக்கு நடுவே சதை வெளுத்து அமுங்கியிருந்தது. ஊருக்கு வந்த புதிதில் அந்தக் கை தொடை அளவில் தொங்கும். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது முழங்கை மடங்கியிருக்கிறது.

துணிக்காரன் கண் அளவு தப்பாது. இந்த ஏழு மாதத்தில் பொட்டலம் வளர்ந்தது ஒரு விரற்கடை. அவள் கை ஒரு சாண் மேலே ஏறியிருக்கிறது.